எட்டு எம்.எம். கம்பியும் .315 தோட்டாவும்

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அரை மணி நேரத்துக்கு வேறு வேலை கிடையாது. முன்னால் நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அன்றைக்கு என் முன்னால் நின்றது கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உருட்டாலையிலிருந்து வந்த கம்பி லாரி. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின் நுனியில் சிவப்புத் துணி. ஆறு எம்.எம்., எட்டு எம்.எம்., பன்னிரண்டு எம்.எம். எனக் கட்டுக்கட்டாக, வெட்டுமுகங்கள் வட்டவட்டமாக என் கண்ணுக்கு நேரே.

முந்தின இரவு டெக்சாஸிலிருந்து மாமா பையன் பேசியிருந்தான். அந்த ஊரில் துப்பாக்கிக் கடை நம் ஊர் பாத்திரக் கடை மாதிரி. செமி ஆட்டோமேடிக் ரைபிள் ஒன்று வாங்கப்போகிறானாம். "அத்தான், .223 நல்லதா, .308 நல்லதா?" அறிவியல் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை அவனுக்கு. அந்தக் கேள்வி மண்டைக்குள் இருந்ததால்தானோ என்னவோ, லாரியில் இருந்த கம்பி எல்லாம் எனக்குத் தோட்டாவாகத் தெரிந்தது. ஆறு எம்.எம். கம்பியைச் சற்றே இழைத்தால் .223. எட்டு எம்.எம். கம்பியைக் கொஞ்சம் தேய்த்தால் .308. தேய்க்காமல் அப்படியே விட்டால் .315, இந்தியக் குடிமகன் உரிமம் வாங்கி வைத்துக்கொள்ளும் ரைபிள்களில் மிகப் பரவலான அளவு அது. பன்னிரண்டு எம்.எம்.முக்கு ஒரு துளி கூடுதலாக 12.7. அது சாலை முடியும் இடத்தில், கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய கப்பல்களில் இருக்கிறது.

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன? குழலின் உள்விட்டத்தை, அதாவது கேலிபரை. .303 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு. மில்லிமீட்டரில் 7.7. நம் கொத்தனாரும் தச்சரும் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கிறார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் .315 என்பது இரண்டரை நூல், 12.7 மி.மீ. என்பது சரியாக நாலு நூல், அதாவது அரை அங்குலம். வேட்டைத் துப்பாக்கியின் '12 போர்' மட்டும் வேறு குடும்பம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் இறுக்கமாக நுழையுமோ, அது 12 போர். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 453.6 கிராமைப் பன்னிரண்டால் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. ஆக, உருண்டையின் கனஅளவு 3.33 கன செ.மீ. அந்த உருண்டையின் விட்டம் 18.5 மி.மீ. வங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக்குழல் துப்பாக்கியில் தெரியும் அந்த இரண்டு பெரிய ஓட்டைகளின் அகலம் அதுதான். இந்தக் கணக்கில் எண் பெரிதானால் குழல் சிறுக்கும். 20 போர், 12 போரைவிட ஒல்லி. புதிதாகப் படிக்கிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

விட்டம் மட்டும் தெரிந்தால் போதுமா? கல்லூரியில் என்.சி.சி. முகாமில் இதற்கான பதிலைத் தோளால் கற்றேன். அணிவகுப்புக்குக் கொடுத்தது பழைய .303, சுட முடியாதபடி முடக்கப்பட்டது. நாலு கிலோ மரமும் இரும்பும். மாலைக்குள் தோள்பட்டை வீங்கிவிடும். சுடுவதற்குக் கொடுத்தது .22. கவிழ்ந்து படுத்து, 25 கஜத்துக்கு அப்பால் இருந்த காகித இலக்கில் ஐந்து ரவை சுட வேண்டும். 'டப்' என்று ஊமைப் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். தோளில் எதுவும் தெரியவில்லை. என் ஐந்து குண்டுகளில் இரண்டு பக்கத்துப் பையனின் இலக்கில் போய் விழுந்திருந்தன. அவனுக்கு அன்று ஏழு மதிப்பெண் ஓட்டை.

அந்த .22 குண்டின் விட்டமும், நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைபிள் சுடும் 5.56 மி.மீ. குண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்று. அளவுகோல் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது. ஆனால் .22 குண்டின் எடை சுமார் 2.6 கிராம், வேகம் நொடிக்கு 330 மீட்டர். இன்சாஸின் குண்டு நாலு கிராம், வேகம் 900-க்கும் மேலே. இயக்க ஆற்றலில் எடை ஒரு மடியாகவும் வேகம் இரு மடியாகவும் வருவது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். போட்டுப் பார்த்தால் முன்னது 140 ஜூல், பின்னது 1,700 ஜூல். பன்னிரண்டு மடங்கு! ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையை .22-இன் ஆற்றலால் ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தூக்கலாம், 5.56-இன் ஆற்றலால் முதல் மாடிக்கே ஏற்றிவிடலாம்.

எல்லாம் பின்னால் இருக்கும் பித்தளைக் கூட்டின் வேலை. தோட்டா என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நாலு பொருள் இருக்கின்றன: முன்னால் குண்டு, அதைப் பிடித்திருக்கும் கூடு, கூட்டுக்குள் மருந்து, அடியில் தீப்பொறி தரும் கேப். கூடு நீண்டால் மருந்து கூடும், மருந்து கூடினால் வேகம் கூடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வெறுமனே '7.62' என்று சொல்லி நிறுத்துவதில்லை. 7.62×51 என்பது கூட்டின் நீளம் 51 மி.மீ. உள்ள தோட்டா, குண்டு ஒன்பதரை கிராம், வேகம் 840 மீட்டர், ஆற்றல் 3,300 ஜூல். 7.62×39 என்பது ஏ.கே. வகை ரைபிள்களின் தோட்டா. குண்டு எட்டு கிராம், வேகம் 715, ஆற்றல் 2,000 ஜூல். ஈழத்துக்காரர்கள் 'ரி-56' என்று சொல்லும் சீனத் துப்பாக்கி தின்பதும் இதைத்தான். இரண்டும் ஒரே 7.62, ஒன்றின் அறைக்குள் மற்றது பொருந்தாது. எட்டு எம்.எம். போல்ட் என்று கேட்டால் கடைக்காரர் "என்ன நீளம் சார்?" என்று திருப்பிக் கேட்கிறாரே, அதே கதை.

மருந்து என்றதும் காட்டுப்பள்ளிக்காரர்கள் வடக்கே திரும்பிப் பார்க்கலாம். இதே மணல்திட்டின் தொடர்ச்சியில் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் அங்கே 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வியாபாரத்துக்கு வந்தவர்கள் என்றுதான் பாடப் புத்தகம் சொல்லும். கோட்டையோடு சேர்த்து வெடிமருந்து ஆலையும் வைத்திருந்தார்கள். அங்கே அரைத்த கருமருந்து கப்பலேறி பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வரை போயிற்று. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் அரைத்துச் செய்வது கருமருந்து. அது எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் சாம்பலுமாகப் போய்விடும், வாயுவாக மாறிக் குண்டைத் தள்ளுவது மிச்சம்தான். குழலுக்குள் கசடு படியும். வேகத்தை நொடிக்கு நானூறு, ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற்றுவது கடினம். வேகம் ஏறாதென்றால் வலுவுக்கு ஒரே வழி குண்டின் எடையை ஏற்றுவது. அதனால் அந்தக் காலத்துக் குழல்கள் எல்லாம் தடியானவை. 1870-களின் மார்ட்டினி ஹென்றி ரைபிளின் குண்டு .45 அங்குலம், எடை 31 கிராம்.

புகையில்லா மருந்து வந்தபின் இந்தக் கணக்கு தலைகீழானது. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் நனைத்துச் செய்த நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் சேர்த்து, சேமியா மாதிரி இழை இழையாகப் பிழிந்தெடுத்த கார்டைட். ஏறத்தாழ முழுக்க வாயுவாக எரியும். .303 ரைபிள்களுக்கு இந்த மருந்தைச் செய்ய நீலகிரியில் அரவங்காட்டில் ஒரு தொழிற்சாலை வந்தது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இன்றும் ஓடுகிறது, மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் அந்த ஊரில் நின்றுதான் போகிறது. வேகம் கூடியதும் குண்டு மெலிந்தது. .303-இன் குண்டு 11.3 கிராம், மார்ட்டினியின் குண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் ஆற்றல் 3,000 ஜூலைத் தாண்டிவிட்டது. அந்த வேகத்துக்கு வெறும் ஈயம் தாக்குப்பிடிக்காது, குழலின் பள்ளங்களில் ஒட்டி உரிந்துவிடும். அதனால் அதற்குச் செம்பு, நிக்கல் கலந்த சட்டை போட்டார்கள்.

பள்ளங்கள் என்றேனே, ரைபிளுக்கு ரைபிள் என்று பெயர் வந்ததே அவற்றால்தான். குழலின் உட்சுவரில் மரை போலச் சுற்றிச் சுற்றிப் போகும் வரிகள். குண்டு அவற்றில் சிக்கிச் சுழன்றபடி வெளியேறும். பம்பரம் சுழலும் வரை சாயாமல் நிற்பதும், சுழன்ற குண்டு குப்புறாமல் மூக்கை முன்னே வைத்துப் பறப்பதும் ஒரே விதி. 7.62 ரைபிளில் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 2,750 சுற்று. எந்தச் சாட்டையும் அப்படி ஒரு பம்பரத்தை விட்டதில்லை. (இதே திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யும் அர்ஜுன் டாங்கியின் 120 மி.மீ. பீரங்கிக்கு வரி உண்டு. அதே வளாகத்தில் செய்யும் டி-90 டாங்கியின் 125 மி.மீ. பீரங்கிக்கு வரி கிடையாது, அதன் குண்டுக்கு அம்பு போல வால் சிறகு.)

இதுவரை இயற்பியல். இந்தியாவில் ஒரு துப்பாக்கியின் விட்டத்தை முடிவு செய்ததில் இயற்பியலுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி பயத்துக்கு.

வேலூரில் 1806-இல் சிப்பாய்க் கலகம் தலைப்பாகையால் மூண்டது, 1857-இல் வடக்கே தோட்டாவால் மூண்டது. என்ஃபீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு என்ன கொழுப்பு என்ற சந்தேகம். அதை அடக்கி முடித்ததும் வெள்ளைக்காரன் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. இந்தியச் சிப்பாய்களுக்கென்று அதே என்ஃபீல்டை வரிகள் இல்லாமல், வழவழப்பான அகலக் குழலோடு தயாரித்தான். பார்வைக்கு அதே துப்பாக்கி. நூறு கஜத்துக்கு அப்பால் குறி தப்பும். தன் கையில் சுழலும் குண்டு, சிப்பாயின் கையில் உருளும் குண்டு.

அடுத்து, தனியார் வேட்டைத் துப்பாக்கிகள். மார்ட்டினி ஹென்றியின் .450 தோட்டா கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவும் என்று பயந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த விட்டமுள்ள ரைபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தார்கள். யானையும் புலியும் சுடப் பிரியப்பட்ட துரைகளும் மகாராஜாக்களும் விடுவார்களா? லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளைக் கண்டுபிடித்தன. உலகப் புகழ்பெற்ற .470 யானைத் துப்பாக்கி பிறந்ததற்குக் காரணம் யானையின் மண்டையோடு அல்ல, கல்கத்தா அரசாங்கத்தின் ஓர் உத்தரவு. .303 ராணுவத்துடையது ஆனதும் அதுவும் குடிமக்களுக்குக் கிடையாது என்றானது. அந்த இடத்தை நிரப்பியதுதான் .315. ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் ரைபிள் தோட்டாவின் வழிவந்த எட்டு எம்.எம். இன்றும் மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை இதைச் செய்கிறது. ஐரோப்பாவில் வழக்கொழிந்த ஒரு தோட்டா இந்தியாவில் நூறாண்டு கடந்து பிழைத்திருக்கிறது.

போலீசுக்கு வேறு ஏற்பாடு. .303 ரைபிளின் வரிகளைக் குடைந்தெடுத்து .410 அங்குலமாக அகலப்படுத்தி, மேகசினில் மரக்கட்டையை அடைத்து, ஒரு முறைக்கு ஒரே ரவை என்று ஆக்கினார்கள். அதுதான் '410 மஸ்கட்'. காவல் நிலையத்திலிருந்து இதை ஒருவன் பறித்துக்கொண்டு ஓடினாலும் ராணுவத் தோட்டாவை வைத்துப் போரிட முடியாது. பழைய போலீஸ்காரர்கள் 'ஃபோர் டென்' என்று சொல்லும்போது குரலில் ஒரு கேலியும் கொஞ்சம் பாசமும் இருக்கும்.

வெள்ளைக்காரன் போனான், பயம் தங்கியது. 1959-இன் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் தடை செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பட்டியலிடும் விதத்தைப் பாருங்கள்: .303 அல்லது 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய ரைபிள், .410 மஸ்கட் தோட்டாவைச் சுடக்கூடிய மஸ்கட், .380, .455 தோட்டாவையும் ராணுவத்தின் 9 மி.மீ. தோட்டாவையும் ஏற்கும் ரிவால்வர், பிஸ்டல், கார்பைன். எவ்வளவு ஆற்றல் என்று சட்டம் கேட்பதே இல்லை. அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உன் துப்பாக்கியின் வாய்க்குள் சர்க்கார் தோட்டா நுழையுமா? .315-இன் குண்டு 7.62-ஐவிடக் கனமானது, மானையோ மனிதனையோ வீழ்த்துவதில் குறைந்ததும் அல்ல. ஆனாலும் அது அனுமதி உள்ள பக்கம். ஆற்றலைக் கணக்கில் எடுத்த இடம் ஒன்று பின்னாளில் வந்தது: 2016 விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் ஆற்றலுள்ள, அல்லது 4.5 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். சிமென்ட் மூட்டைக் கணக்கில் 20 ஜூல் என்பது நாலு செ.மீ. உயரம்.

இனி செமி ஆட்டோமேடிக். பெயரில் பாதிதான் 'தானியங்கி'. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த குண்டை அறைக்குள் ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். பழைய போல்ட் ரைபிளில் ஒவ்வொரு முறையும் கையால் பிடியை உயர்த்தி, பின்னிழுத்து, முன்தள்ளி, தாழ்த்த வேண்டும். நம் நாட்டில் எல்லாரும் பார்த்திருக்கும் செமி ஆட்டோமேடிக் எஸ்.எல்.ஆர். எனப்படும் செல்ஃப் லோடிங் ரைபிள். பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். ரைபிளைத் தழுவி இஷாப்பூரில் செய்தது. 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் போல்ட் ரைபிளோடு நின்றதன் பாடம் அது.

அதன் உள்ளே நடப்பது அழகான ஒரு திருட்டு. குண்டு குழலில் ஓரளவு தூரத்தைக் கடந்ததும் மேற்புறத்தில் ஒரு சின்னத் துவாரம் வரும். பின்னால் துரத்தும் வாயுவில் சிறு பங்கு அந்தத் துவாரம் வழியே மேலேறி ஒரு பிஸ்டனைப் பின்னுக்கு உதைக்கும். பிஸ்டன் பூட்டைத் திறந்து, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, சுருள்வில்லை அழுத்தும். வில் திரும்பி விரியும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும். கண் இமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மேகசினில் இருபது தோட்டா. சுடும்போது தோளில் விழும் உதையையும் இந்தப் பொறி கொஞ்சம் நீட்டி மென்மையாக்குகிறது. 3,300 ஜூலோடு குண்டு முன்னே போனால் தோளுக்கும் 3,300 ஜூல் வரவேண்டாமா என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். இரு பக்கமும் சமமாவது உந்தம், ஆற்றல் அல்ல. ஒன்பதரை கிராம் குண்டும் மூன்று கிராம் வாயுவும் முன்னே பாய, நாலரை கிலோ ரைபிள் பின்னே நொடிக்கு இரண்டரை, மூன்று மீட்டர் வேகத்தில்தான் வரும். தோளுக்குக் கிடைப்பது பதினாறு ஜூல் அளவில். எடை குறைந்த ரைபிள் தோளைக் கடிப்பதும், கனத்த ரைபிள் பொறுமையாக நடந்துகொள்வதும் இதனால்தான்.

தமிழ்நாட்டில் 410 மஸ்கட் இருந்த கைகளுக்கு எஸ்.எல்.ஆர். வந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை, 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சாகும் வரை. சீருடை இல்லாத ஒருவர் வேன் மேல் ஏறி ரைபிளால் குறி பார்க்கும் படம் நாடு முழுக்கப் போயிற்று. போலீஸ் அன்று கையில் எடுத்ததில் எஸ்.எல்.ஆர். இருந்தது என்று பத்திரிகைகள் எழுதின. இங்கே கேலிபர் என்பது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியாக இல்லை. போர்க்களத்தில் எண்ணூறு மீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும் வேகம் மிச்சம் இருக்கவேண்டும் என்று செய்த தோட்டா அது. ஐம்பது மீட்டரில் கூட்டத்துக்குள் சுட்டால் ஓர் உடம்போடு நிற்கும் என்று சொல்ல முடியாது. மஸ்கட்டைப் போலீசுக்குக் கொடுத்தவனின் எண்ணம் கெட்டதுதான். ஆனாலும் அந்த மழுங்கிய குழலில் தெருவுக்குப் பொருத்தமான ஒரு குறைவு இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ராணுவத்தின் கதை ஊஞ்சல் மாதிரி. 7.62×51 தோட்டா ஒன்று 24 கிராம், 5.56 அதில் பாதி. ஒரே சுமையில் இரு மடங்கு ரவை கொண்டுபோகலாம், உதையும் குறைவு, குறி கலையாது. உலகம் அந்தப் பக்கம் போனபோது இந்தியாவும் போய் இன்சாஸைச் செய்தது. 'எதிரியைக் கொல்லாமல் காயப்படுத்தினால் அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அதற்காகத்தான் சிறிய குண்டு' என்று ஒரு விளக்கம் டீக்கடை முதல் டி.வி. விவாதம் வரை உலவுகிறது. சாமர்த்தியமாகக் கேட்கும் விளக்கங்களைச் சந்தேகிக்க வேண்டும். எடையும் கட்டுப்பாடுமே போதுமான காரணங்கள். 1999 கார்கில் குளிரில் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார் எழுந்தது. அது தோட்டாவின் குற்றமில்லை, ஆனாலும் பழி அளவின் மேலும் விழுந்தது. பிறகு ஊஞ்சல் திரும்பியது. 2019-இல் அமெரிக்காவின் சிக் 716 ரைபிள்கள் 72,400 வாங்கினார்கள், அவை 7.62×51. 2021-இல் அமேதி மாவட்டம் கோர்வாவில் 6 லட்சத்துக்கும் மேல் ஏ.கே.-203 செய்ய ஒப்பந்தம், அது 7.62×39. 1966 முதல் இயங்கும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 7.62×39-க்கு டி.ஏ.ஆர். என்ற 'திருச்சி அசால்ட் ரைபிள்' செய்கிறது. பேரில் ஊர் இருப்பதால் திருச்சிக்காரர்களுக்கு ஒரு பெருமிதம்.

காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டிய கடலோரக் காவல் படைக் கப்பல்கள் ஏழு. முதலாவது 'விக்ரம்' 2018-இல் பணிக்கு வந்தது, கடைசி 'விக்ரஹா' 2021 ஆகஸ்டில். 'விக்ரஹா'வில் 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கியும், இரண்டு 12.7 மி.மீ. துப்பாக்கிகளும். நாலு நூல் குழல், குண்டு நாற்பது கிராமுக்கு மேல், ஆற்றல் 17,000 ஜூல். நம் சிமென்ட் மூட்டை இப்போது பத்து மாடிக்கு மேலே. கப்பலில் இருக்கும் இந்தத் துப்பாக்கியை யாரும் தோளில் வைத்துச் சுடுவதில்லை. கடலில் கப்பல் ஆடும். ஒரு டிகிரி சாய்ந்தால் ஒரு கிலோமீட்டரில் குறி பதினேழு மீட்டர் விலகும். அதனால் சுழல்மானிகள் ஆட்டத்தை அளந்து குழலை எதிர்ப்புறம் நகர்த்தி நிலைப்படுத்த, சுடுகிறவர் உள்ளே திரை முன் உட்கார்ந்து கைப்பிடியை அசைக்கிறார். இந்த நிலைப்படுத்திய தொலைக்கட்டுப்பாட்டுத் துப்பாக்கியையும் திருச்சித் தொழிற்சாலை இஸ்ரேலியத் தொழில்நுட்பம் வாங்கிக் கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் செய்துகொடுத்திருக்கிறது.

மாமா பையனுக்கு நான் என்ன சொன்னேன்? .223-உம் இன்சாஸின் தோட்டாவும் ஒரே குடும்பம், .308-உம் எஸ்.எல்.ஆரின் தோட்டாவும் ஒரே குடும்பம், இலக்குக் காகிதத்தைச் சுடுவதென்றால் முன்னது மலிவு, தோளுக்கும் நல்லது என்றேன். "நீங்க வச்சிருக்கீங்களா அத்தான்?" என்றான். இங்கே செமி ஆட்டோமேடிக் ரைபிள் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது என்றதும் சிரித்தான். ஆஸ்திரேலியா 1996-இலும் நியூசிலாந்து 2019-இலும் படுகொலைகளுக்குப் பின் எடுத்த முடிவு, நமக்கு வேறு காரணத்துக்காக எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. இங்கே .315-க்கோ 12 போருக்கோ விண்ணப்பிக்கலாம். ஆட்சியர் அலுவலகம், மாநகரமென்றால் ஆணையர் அலுவலகம், போலீஸ் விசாரணை, ஏன் வேண்டும் என்பதற்குக் காரணம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம், உரிமம் ஐந்து வருடம். வேட்டை என்ற காரணத்தை 1972 வன உயிரினச் சட்டம் அடைத்துவிட்டது. பழவேற்காட்டுப் பூநாரைகள் நிம்மதியாக இரை தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கடற்கரையில் துப்பாக்கி வைத்திருப்பவருக்குப் பெரிய எதிரி உப்புக்காற்று. எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரை சைக்கிள் செயின் என்ன பாடுபடும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பழைய தோட்டாக்களில் இன்னொரு உப்பும் உள்ளேயே உண்டு. அவற்றின் கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படியும். ஏறத்தாழ நம் சமையல் உப்பின் தம்பி. ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். எண்ணெய் எவ்வளவு தேய்த்தாலும் உப்பு கரையாது. அதனால்தான் .303 காலத்துச் சிப்பாய்கள் முதலில் கொதிநீரைக் குழலில் ஊற்றி, அது காய்ந்தபின் புல்த்ரூ கயிற்றில் துணி கட்டி இழுத்து, கடைசியில்தான் எண்ணெய் போட்டார்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைப் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பெயரெழுதிய அட்டை தொங்க, சுவரோரம் சாய்ந்து வரிசையாக நிற்கும்: யாரோ ஒருவரின் 12 போர், தோப்புக்காரரின் .315. ஓட்டு எண்ணி முடித்து, உத்தரவு வந்து, திரும்ப வாங்க வரும் .315-காரர்கள் ரசீதை நீட்டிக் கையெழுத்துப் போட்டதும் செய்வது ஒரே காரியம். போல்ட்டை உருவிவிட்டு, குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, பின்புறமிருந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார்கள். சுத்தமாக இருந்தால் எட்டு எம்.எம். வட்டத்துக்குள் வரிகள் பளபளவென்று சுழன்று தூரத்து வெளிச்சம் வரை போகும். ஒரு மாதம் சும்மா நின்றதில் உப்பு பிடித்திருந்தால், அந்தச் சுழற்சியில் அங்கங்கே பழுப்புப் புள்ளி.